பன்னிரண்டு வாட், ஐந்து வோல்ட்

ஹல்,
3 நவம்பர் 2014

அன்புள்ள கிளெனிஸ் அக்காவுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று புரிந்துவிட்டது. கடைசியாக அடித்தபோது எடுத்தாய். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய். பின்னால் ரேடியோவில் யாரோ மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஒயிட்ஹேவனில் மழையைச் சொல்ல ரேடியோ எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாளில் நமக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று நீயே சொல். ரோலண்ட் அத்தான் நாற்பத்தொரு வருஷம் சிகரெட் பிடித்தவர். நீ முப்பது வருஷம் தலையில் அடித்துக்கொண்டும் விடாதவர். மே மாதம் நான் வந்து, நான் வைத்திருந்த இ-சிகரெட் மெஷினை அவர் கையில் கொடுத்து, “அத்தான், ஒரு வாரம் இதை இழுத்துப் பாருங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க” என்றேன். ஒரே வாரத்தில் சிகரெட்டை விட்டார். ஆகஸ்டில் போன் செய்து, “நெவில், யூஃபோனியம் ஊதினா மூச்சு இப்ப வரியோட கடைசி வரைக்கும் போகுதுடா” என்று சின்னப் பையன் மாதிரி கத்தினார். பேண்டில் அந்தப் பெரிய பித்தளைக் குழலில் தனியாக ஊதும் பாட்டை இந்த வருஷம் அவருக்கே கொடுத்திருக்கிறார்கள் என்றார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இல்லையா?

மெஷினை நான்தான் செட் பண்ணிக் கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேன். அதை இரண்டு விதமாக ஓட்டலாம். வாட் கணக்கில் வைத்தால், எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் சொல்கிறோம். அதற்குக் கரண்டை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும். வோல்ட் கணக்கில் வைத்தால், எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம். எவ்வளவு சூடாகும் என்பது உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளைப் பொறுத்தது. விஷயம் தெரிந்தவனுக்கு வோல்ட், மற்றவர்களுக்கு வாட். அத்தானுக்குப் பன்னிரண்டு வாட் வைத்தேன். ஐந்து மாசம் ஒரு குறையும் இல்லை.

பிறகு அக்டோபர் எட்டாம் தேதி அத்தான் போனில் இருமிக்கொண்டே சொன்னார்: “ஒரே இழுப்புதான் நெவில். தொண்டைக்குள்ள நெருப்பை ஊத்தின மாதிரி இருந்துச்சு. திரையில டபிள்யூ இருந்த இடத்துல இப்ப வி-ன்னு நிக்குது. எதையும் அமுக்கின ஞாபகம் இல்ல.” எண் என்ன என்று கேட்டேன். அவர் பார்ப்பதற்குள் நீ வாங்கி டிராயரில் போட்டுவிட்டாயாம்.

மெஷின் தானாக மாறாது அக்கா. முப்பத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கரண்டு வேலை பார்த்தவன் சொல்கிறேன். டிராயரைத் திறந்து, திரையில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் எழுது. அது தெரிந்தால் யார் மேலும் பழி இல்லாமல் முடிந்துவிடும்.

உன் தம்பி,
நெவில்

---

ஒயிட்ஹேவன்,
11 நவம்பர் 2014

நெவிலுக்கு,

டிராயரைத் திறக்க மாட்டேன். எண் தெரிந்து உனக்கு என்ன ஆக வேண்டும்? உன் கூட்டத்துக்குச் சொல்லி இன்னொரு தடவை சிரிக்கவா?

ஆமாம், எங்களுக்குத் தெரியும். இணையத்தில் நீங்கள் எல்லோரும் கூடிப் பேசும் அந்த இடத்தில் ரோலண்டையும் சேரச் சொன்னவனே நீதான். மறந்துவிட்டாயா? காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் அதைப் படித்தார். முட்டை ஆறிப் போகிறதே என்று நான் திரும்பினேன். திரையை என் பக்கம் நகர்த்தி, “இது நான்தானே?” என்று கேட்டார்.

நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன். “என் மச்சானுக்கு வாட் எது, வோல்ட் எதுன்னு தெரியாது. எதையோ அமுக்கித் தொலைச்சுட்டு, அமுக்கவே இல்லைன்னு சாதிக்கிறார். பட்டன் இருக்கற எதையும் சில பேர் கையில குடுக்கக் கூடாது.” கீழே அறுபத்துமூன்று பேர் சிரித்திருந்தார்கள். ஒருத்தன், பெரியவருக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடு என்று எழுதியிருந்தான். அதற்கு நீயும் சிரித்திருந்தாய்.

கச்சேரி எப்படிப் போனது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அன்றைய இழுப்புக்குப் பிறகு அந்த மெஷினைப் பார்த்தாலே அவருக்குப் பயம். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டு வந்தவர் மேல் பழைய வாசனை வந்தது.

அக்டோபர் பதினெட்டாம் தேதி, சர்ச் ஹாலில், தேவாலயத்து ஆட்களும் பேண்ட் குடும்பங்களும் நிரம்பி உட்கார்ந்திருந்தோம். பாதி வரை நன்றாக ஊதினார். நீளமான அந்த மூன்றாவது பகுதியில் மூச்சு அறுந்தது. குழலை வாயிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். மற்றவர்கள் இரண்டு வரி அவர் இல்லாமலே வாசித்துப் பார்த்தார்கள். பிறகு ரோலண்ட் உட்கார்ந்துவிட்டார். யாரோ பாவம் பார்த்துக் கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். தோற்றவரைத் தேற்றுவதற்காகத் தட்டும் கைதட்டலை நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டேன்.

திங்கட்கிழமை யூஃபோனியத்தைப் பெட்டியில் வைத்து பேண்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முப்பத்துநாலு வருஷம் ஊதியது.

இங்கே வராதே.

கிளெனிஸ்

---

ஹல்,
17 நவம்பர் 2014

அக்கா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்த பிறகும் உட்காரத் தோன்றவில்லை.

எழுதினேன். நான்தான் எழுதினேன். அன்றைக்கே அழித்திருக்க வேண்டும். நேற்றுத்தான் அழித்தேன். ஆனால் அழித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்கு இதில் என்ன பெருமை இருக்கிறது.

ஏன் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அங்கே நான் ஏதோ பெரிய ஆள். புதிதாக வருகிறவர்கள், “நெவில் அண்ணே, எத்தனை வோல்ட் வைக்கலாம்?” “நெவில் அண்ணே, வாட் நல்லதா, வோல்ட் நல்லதா?” என்று கேட்பார்கள். நானும் எழுந்ததும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதுவேன். நான் செட் பண்ணிய மெஷின் ஒருவர் தொண்டையைச் சுட்டுவிட்டது என்று தெரிந்தால் என் பேச்சை யார் கேட்பார்கள்? பழி என் பக்கம் திரும்புவதற்குள் அதை அத்தான் மேல் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் அக்கா. அதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அவர் படிப்பார் என்று நினைக்கவில்லை. படித்தாலும் சிரித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரைப் பற்றி நான் எப்போதும் அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறேன். நல்ல மனுஷன், எதையும் சிரித்துக்கொள்வார் என்று.

இத்துடன் அத்தானுக்குத் தனியாக ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மெஷினிலேயே கோளாறு, சில மெஷின்கள் தானாக வோல்ட்டுக்குத் தாவிவிடும், அது எனக்கு அப்போது தெரியாது என்றும் எழுதியிருக்கிறேன். அது பொய். உனக்குத் தெரியட்டும். ஆனால் அவர் மேல் நான் போட்டதை எடுக்க வேறு வழி தெரியவில்லை.

அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியாவது எழுது.

நெவில்

---

ஒயிட்ஹேவன்,
2 டிசம்பர் 2014

நெவிலுக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

உன் காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “நல்ல பையன். என்னைக் காப்பாத்தப் பாக்குறான்” என்றார். “மெஷின் தானா மாறாது கிளெனிஸ். நான்தான் எதையோ அமுக்கியிருக்கேன். அமுக்கினது ஞாபகம் இல்ல. அதுதான் பயமா இருக்கு.”

அவர் அப்பாவை உனக்குத் தெரியும். கடைசி மூன்று வருஷம் ரோலண்டைப் பார்த்து, “நீங்க பஸ் டிரைவரா?” என்று கேட்டவர். அதுவும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்ததாம். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, நான் பற்ற வைக்கவில்லை என்று சாதித்தாராம்.

இப்போது ரோலண்ட் ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறார். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். டீயில் சர்க்கரை போட்டேனா என்று என்னைக் கேட்கிறார். காரை ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். நேற்று அவர் தங்கை மகள் பெயரைச் சொல்ல ஒரு கணம் தயங்கினார். எல்லோருக்கும் வரும் தயக்கம்தான். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. டாக்டரிடம் போயிருந்தோம். ஞாபகப் பரிசோதனைக்கு ஜனவரி ஐந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ எழுதியது இதற்கெல்லாம் காரணம் என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் எனக்கு எளிது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வோல்ட்டில் ஐந்து என்பது வாட்டில் பன்னிரண்டைவிட அதிகமா? எப்படி அதிகம்? ஐந்து பன்னிரண்டைவிடச் சின்ன எண்தானே. ரோலண்டுக்குத் தெரிய வேண்டுமாம். எளிமையாக எழுது.

கிளெனிஸ்

---

ஹல்,
9 டிசம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் பயத்தைப் பற்றிப் படித்துவிட்டு, பேருந்தில் ஏறி நேராக அங்கே வந்து நிற்கலாமா என்று தோன்றியது. வராதே என்று சொல்லியிருக்கிறாய். வரவில்லை.

கேட்டதற்குப் பதில். ஐந்தும் பன்னிரண்டும் ஒரே சாமானை அளக்கும் எண்கள் இல்லை. ஐந்து கல் தூரமும் பன்னிரண்டு மணியும் மாதிரி. எது பெரிது என்று கேட்க முடியாது. வோல்ட் என்பது எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறோம் என்பது. வாட் என்பது கடைசியில் எவ்வளவு சூடு வருகிறது என்பது. நடுவில் காயில் நிற்கிறது. காயில் அதிகம் தடுத்தால் சூடு குறைவு. கொஞ்சமாகத் தடுத்தால் சூடு அதிகம்.

அத்தானின் காயில் அதிகம் தடுக்காத காயில். தடை 1.2 ஓம். அதற்கு ஐந்து வோல்ட் கொடுத்தால்: ஐந்தை ஐந்தால் பெருக்கு, இருபத்தைந்து. அதை 1.2-ஆல் வகு. கிட்டத்தட்ட இருபத்தொரு வாட். அவர் தினமும் இழுத்தது பன்னிரண்டு. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பஞ்சு கருகும். கருகின புகையைத்தான் அவர் நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறார்.

ஆகவே, தெரியாதவர்கள் கண்ணுக்குக் குறைத்த மாதிரி இருக்கும். நிஜத்தில் ஏற்றியதாக ஆகும். இப்படி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை.

இன்னொன்று அக்கா. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எண் என்ன என்று அத்தான் பார்க்கவில்லை என்றார். டிராயரைத் திறக்க மாட்டேன் என்றாய் நீ. ஐந்து என்று எழுதியிருக்கிறாய்.

நான் எதுவும் கேட்கவில்லை. பதில் எழுத வேண்டாம் என்றால் எழுதாதே.

நெவில்

---

ஒயிட்ஹேவன்,
6 ஜனவரி 2015

நெவில்,

நேற்றுப் பரிசோதனைக்குப் போய் வந்தோம். இன்று காலை அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இதையும் கிழித்துவிடுவேன்.

நான்தான் அமுக்கினேன்.

அன்று அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் அங்கே இருந்தது. திரையில் பன்னிரண்டு. கச்சேரிக்குப் பத்து நாள்தான் இருந்தது, கொஞ்சம் குறைத்து வைத்தால் மூச்சுக்கு நல்லது என்று நினைத்தேன். கழித்தல் பட்டனை அமுக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தேன். எழுத்து மாறியது. ஐந்து என்று வந்தது. ஐந்து! பன்னிரண்டில் பாதிகூட இல்லை. அவருக்குத் தெரியாமலே நல்லது செய்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். துணியை உதறிவிட்டு ரொட்டி சுடப் போனேன்.

மூச்சுக்கு நல்லது என்று எழுதினேன். அது பாதி உண்மை. மீதியையும் எழுதுகிறேன். மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் எப்போது பார்த்தாலும் உன் பெயர்தான். “நெவில் சொன்னான்.” “நெவிலைக் கேக்கணும்.” “நெவில் வெச்சதை மாத்தக் கூடாது.” முப்பது வருஷம் நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போனேன். அவர் விடவில்லை. நீ ஒரு மத்தியானம் வந்து ஒரு குழாயைக் கையில் கொடுத்தாய், விட்டுவிட்டார். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ வைத்த எண்ணை என் கையால் மாற்ற வேண்டும் என்று இருந்தது. இதை என்னிடமே இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் இழுத்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உடனே புரிந்துவிட்டது எனக்கு. “என்னவோ அமுக்கிட்டேன் போல” என்று இருமலுக்கு நடுவில் அவரே சொன்னார். இல்லை, நான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் இருமல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். இருமல் நின்றது. நான் சொல்லவில்லை. கச்சேரி முடியட்டும் என்றேன் எனக்குள். கச்சேரி அப்படி முடிந்தது. அதற்கு மேல் எப்படிச் சொல்வது? பிறகு நீ எழுதியது கண்ணில் பட்டது. உண்மையைச் சொல்கிறேன் நெவில், அதைப் படித்தபோது கோபத்துக்குக் கீழே எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தான்.

நேற்று அந்த நர்ஸ், சின்னப் பெண், நல்ல பெண், “உங்க மனைவி கூட இருக்கட்டும், பரவாயில்ல” என்று என்னையும் உட்கார வைத்தாள். இன்று என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்டாள். ஐந்து சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். அவர் கை நடுங்கியது. வட்டம் கோணலாக வந்தது. அழித்து மறுபடி வரைந்தார். “நல்லா வரைவேம்மா நான்” என்று அவளிடம் சொன்னார். ஐந்து சொற்களில் மூன்றைத்தான் சொன்னார். மற்ற இரண்டும் எனக்குத் தெரியும். இப்போதும் தெரியும். ஆப்பிள், பாலம்.

“எப்ப முதல் முதலா சந்தேகம் வந்துச்சு?” என்று கேட்டாள். “ஒரு மெஷின்ல பட்டனை அமுக்கிட்டேன், அமுக்கினது சுத்தமா ஞாபகமே இல்ல” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று. நான் தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டினேன், நெவில்.

கிளெனிஸ்

---

ஹல்,
12 ஜனவரி 2015

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அத்தானுக்காக இல்லை. எனக்காக. என் மேல் தப்பில்லை என்று வீட்டுக்குள்ளேயே சத்தமாகச் சொன்னேன். கடிகாரம் வரைந்த மனுஷனைப் பற்றி நினைப்பதற்கு முன்னால் அதைச் சொன்னேன். நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

பிறகு இன்னொன்று தோன்றியது. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? நீ வைக்கவில்லை. நீ எழுத்தை மட்டும்தான் மாற்றினாய். அத்தானுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த மெஷினை நான் வோல்ட்டில்தான் ஓட்டினேன். என் பழைய காயில் 2.4 ஓம், அதற்கு ஐந்து சரியாக இருக்கும். வாட்டுக்கு மாற்றி, புது காயில் போட்டு, பன்னிரண்டு வைத்துக் கொடுத்தேன். வோல்ட் பக்கத்தில் என் ஐந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைக் குறைத்து வைத்திருக்க வேண்டும். யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று, வேலைக்கு வந்த முதல் வருஷப் பையன்கூட யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. இணையத்தில் இதை எழுதினேன். மச்சான் எதையும் அமுக்கவில்லை, தப்பு என்னுடையது, அவரைப் பற்றி எழுதியது அசிங்கம் என்று. உன்னைப் பற்றி எழுதவில்லை. அன்றைக்குச் சிரிக்க அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். இதைப் படிக்க நாலு பேர்.

என் பங்கை எடுத்துக்கொண்டேன். உன் பங்கை நான் எடுக்க முடியாது. என்னிடம் சொன்னால் போதாது அக்கா. அவர் கதவுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்று எழுதினாய். ஒவ்வொரு நாளும் அவர் இழுக்கும்போது நீ பக்கத்தில் நிற்கிறாய். எப்படி நிற்கிறாய்?

நான் சொல்லிவிடுவேன் என்று பயப்படாதே. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்.

நெவில்

---

ஒயிட்ஹேவன்,
16 பிப்ரவரி 2015

அன்புள்ள நெவில்,

சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம் ஆகியும் எழுதாததற்குக் காரணம், அவரிடம் பேசுவதற்கே என்னிடம் இருந்த சொற்கள் குறைவு. அவற்றை உனக்கு எழுதிச் செலவு செய்யப் பயந்தேன்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை. பின்வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மழை. கதவு பாதி திறந்திருந்தது. நான் கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னேன். “ரோலண்ட், நீங்க எதையும் அமுக்கல. நான்தான் அமுக்கினேன். குறைக்கிறதா நினைச்சு அமுக்கினேன். உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா, நடக்காதது எப்படி ஞாபகம் இருக்கும்?”

திரும்பிப் பார்த்தேன். சிகரெட் அவர் விரலில் தானாக எரிந்துகொண்டிருந்தது.

“எப்ப தெரியும் உனக்கு?” என்றார்.

“அன்னைக்கே.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“நெவிலுக்கு. மூணு வாரமா.”

“எனக்கு முன்னாடி அவனுக்கா?” என்றார். அவ்வளவுதான். சிகரெட்டை ஈரத்தில் போட்டு, செருப்பால் தேய்த்துவிட்டு, என்னைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டார்.

ஒன்பது நாள் பேசவில்லை. வீட்டை விட்டும் போகவில்லை. காலையில் டீ போடுவது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு கோப்பைதான். அந்த ஒன்பது நாளும் ஒரு கோப்பைதான் போட்டார். வெந்நீர் மீதி இருக்கும். நான் போட்டுக்கொள்வேன். ஒரே ஒரு வித்தியாசம், கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்க்கவில்லை. நான் படிக்கட்டில் நின்று கவனித்தேன். அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. எத்தனை எளிதாக அதை அவரிடமிருந்து எடுத்திருக்கலாம் நான்.

பத்தாம் நாள், நான் செய்தித்தாள் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன் கிளெனிஸ்” என்றார். “அஞ்சு பன்னெண்டைவிடச் சின்னதுன்னு நினைச்சுட்டே. அதுல என்ன இருக்கு? எனக்கும்தான் தெரியாது. பேண்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருப்பேன். கச்சேரி போனா போகட்டும். ஆனா அந்தப் பொண்ணு முன்னாடி நான் கடிகாரம் வரைஞ்சேன். நீ பாத்துட்டிருந்தே.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், சரி என்று சொல்ல வேண்டிய பாரத்தை அவர் மேல் வைத்த மாதிரி ஆகிவிடும். “ஆமா, பாத்துட்டிருந்தேன்” என்றேன்.

“எங்க அப்பா மாதிரி ஆயிட்டேன்னு நினைச்சேன். உன் பேர் மறந்துடுமோன்னு, காலைல கண் முழிச்சதும் முதல்ல உன் பேரைச் சொல்லிப் பாத்துக்குவேன். மெதுவா. உனக்குக் கேக்காம.”

நெவில், நாலு மாதம், பக்கத்தில் படுத்திருந்தவருக்கு ஒவ்வொரு காலையும் இப்படி விடிந்திருக்கிறது.

பிறகு சொன்னார்: “அந்த நர்ஸ்கிட்ட நீ வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு, நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கேன்.”

போன வியாழக்கிழமை போனோம். அவளிடம் முழுவதையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகத்தில் வந்ததை மறைக்க முயன்றாள், முடியவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அந்த வயதுப் பெண் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ரோலண்ட் ஜன்னலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. சொன்ன மாதிரியே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் அவரிடம், “பயத்தோட வரைஞ்சா யாருக்கும் கை நடுங்கும் சார். ஆனாலும் மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடலாம்” என்றாள். ஒன்றும் இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கார் சாவியை என்னிடம் கேட்டு வாங்கினார். அவரே ஓட்டினார்.

சிகரெட் இன்னும் விடவில்லை. நான் எதுவும் சொல்வதில்லை; சொல்ல எனக்கு வாய் இல்லை. பேண்டிலிருந்து இரண்டு பேர் வந்து, திரும்ப வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் இன்னும் போகவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டேன். “வரச் சொல்லு. அவன்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேக்கணும். அவன் நின்னு கேக்கட்டும்” என்றார். ஈஸ்டருக்கு வா. நின்று கேள்.

நேற்று மாலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்குத் தானே, “பன்னெண்டுலேர்ந்து அஞ்சு” என்று சொன்னார். தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எழுந்து பக்கத்தில் போனேன். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை என் பக்கம் நீட்டினார்.

“மீதியை நீ உரி. தோலைக் கனமாச் சீவாதே.”

உரித்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அக்கா,
கிளெனிஸ்